முதல் ஜூஸர் வாங்கும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுக்கு முதன்முதலாக ஜூஸர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை வாட்?" என்பதாகவே இருக்கிறது. மிக்ஸி வாங்கிப் பழகிய நமக்கு அது இயல்பாக வருகிற கேள்விதான். 500 வாட் மிக்ஸி திணறுகிற இடத்தில் 750 வாட் மிக்ஸி தேங்காயையும் ஊறிய அரிசியையும் அலட்டிக்கொள்ளாமல் அரைத்துவிடும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் ஜூஸரில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. 200 வாட்டில் மெல்லச் சுழன்று கேரட் சக்கையைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூளாக வெளியே தள்ளும் இயந்திரமும் உண்டு. 900 வாட்டில் இரைந்து ஓடியும் ஈரம் சொட்டும் சக்கையைத் துப்புகிற இயந்திரமும் உண்டு. ஆகவே வாட் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் விடை தெரிய வேண்டியவை வேறு: எதைப் பிழியப் போகிறோம், எத்தனை பேருக்குப் பிழியப் போகிறோம், காலையில் எத்தனை மணிக்குப் பிழியப் போகிறோம், பிழிந்து முடித்தபின் அதைக் கழுவப் போவது யார். கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாத வீடுகளில் ஜூஸர் இரண்டாம் மாதமே பரணுக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் வாங்கிய முதல் ஜூஸரும் அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: பதினைந்து நாள் மிக்ஸியோடு பழகுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், இருக்கிற மிக்ஸியையும் ஒரு வடிகட்டியையும் வைத்துக்கொண்டு பதினைந்து நாள் சாறு எடுத்துப் பாருங்கள். வெண்பூசணி, கேரட், பீட்ரூட் போன்றவற்றைத் தோல் நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, கால் டம்ளர் நீர் விட்டு அரைத்து, வெளுத்துத் துவைத்த மெல்லிய பருத்தித் துணியில் கொட்டிப் பிழிந்தால் குடிக்கத் தகுந்த சாறு கிடைத்துவிடும். ஒவ்வொரு நாளும் என்ன பிழிந்தீர்கள், எத்தனை பேர் குடித்தார்கள், எந்த நாள் விட்டுப்போனது என்பதை நாள்காட்டித் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

இந்தப் பயிற்சி பணம் எதுவும் செலவில்லாமல் மூன்று செய்திகளைச் சொல்லிவிடும். பதினைந்தில் ஐந்து நாள்கூடச் சாறு எடுக்கவில்லையென்றால் உங்களுக்கு ஜூஸர் தேவையில்லை. அந்தப் பணத்துக்குப் பழமே வாங்கலாம். எடுத்த நாள்களில் பெரும்பாலும் சாத்துக்குடியும் எலுமிச்சையும்தான் என்றால் கைப்பிடி வைத்த பிழிவானே போதும். மாம்பழம், வாழைப்பழம், சப்போட்டா, பப்பாளி ஆகியவற்றையே குடித்தீர்கள் என்றால் எந்த ஜூஸரும் உதவாது, ஏனெனில் இவை சாறு தரும் பழங்கள் அல்ல, கூழாகும் பழங்கள். ஜூஸரில் போட்டால் சல்லடையை அப்பிக்கொள்ளும், மிக்ஸியில் போட்டால் அரை நிமிடத்தில் அருமையான பானமாகும். கேரட், பீட்ரூட், நெல்லிக்காய், கீரை, மாதுளை என்று உங்கள் குறிப்பு நீண்டு, துணியில் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வலித்திருந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: இயந்திரம் எப்படிச் சாறு எடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகள் ஐம்பது விதமாகத் தெரிந்தாலும் உள்ளே நடக்கும் வேலை நான்கு விதம்தான்.

முதலாவது, கையால் அழுத்தும் பிழிவான். நெம்புகோல் வைத்ததும் உண்டு, கூம்பின் மேல் பழத்தைக் கவிழ்த்துத் திருகுவதும் உண்டு. எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு வகைகளுக்கு இதைவிடச் சுருக்கமாகக் கழுவி வைக்கக்கூடிய கருவி கிடையாது. அலுமினியத்தில் செய்ததைவிடத் துருப்பிடிக்காத எஃகில் செய்ததை வாங்குங்கள். புளிப்புச் சாறு அலுமினியத்தை மெல்ல அரிக்கும்.

இரண்டாவது, மிக்ஸியோடு வரும் ஜூஸர் ஜார். ஜாரின் நடுவில் ஓர் உருளைச் சல்லடை நிற்கும். பழத்துண்டுகள் சல்லடைக்குள் பிளேடில் அடிபட்டு, சாறு மட்டும் கண்கள் வழியே வெளியே கசியும். திராட்சை, தர்பூசணி, அன்னாசி போன்ற மென்மையான பழங்களுக்கு இது போதுமானது. கேரட்டுக்கு நீர் சேர்க்காமல் இது வேலை செய்யாது.

மூன்றாவது, வேகச் சுழற்சி ஜூஸர். துருவியின் பற்களைப் போன்ற ஒரு தட்டு, அதைச் சுற்றி வலைக்கூடை, இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும். மேலிருந்து தள்ளும் கேரட்டைத் தட்டு துருவுகிறது. துருவல் சுழற்சியின் வேகத்தில் வலையின் மேல் வீசப்பட்டு, சாறு வலையைக் கடந்துவிட, சக்கை பின்பக்கத் தொட்டியில் போய் விழுகிறது. ஈரத்துணியைச் சுழற்றி உலர்த்தும் வாஷிங் மெஷினின் வேலையும் இதுவேதான். மூன்று நிமிடத்தில் நால்வருக்குச் சாறு கிடைத்துவிடும் என்பது இதன் பலம். சத்தம் இதன் பலவீனம். அதைவிடப் பெரிய பலவீனம், கீரையையும் புல்லையும் இதனால் பிழிய முடியாது என்பது. புதினா இலையைப் போட்டால் அது சக்கைத் தொட்டிக்குள் இலையாகவே போய் விழுவதைப் பார்க்கலாம்.

நான்காவது, இப்போது எல்லோரும் கேட்கும் கோல்ட் பிரஸ் என்ற மெதுவான ஜூஸர். இதில் பிளேடு இல்லை. தடித்த திருகாணி போன்ற ஒரு கட்டை நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்று வேகத்தில் சுழன்று, காய்த்துண்டை இழுத்து நசுக்கி, சல்லடைச் சுவரோடு அழுத்திப் பிழிகிறது. செக்கில் எள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேகம் குறைவாக இருப்பதால்தான் 150 முதல் 250 வாட் மோட்டாரே இதற்குப் போதுமானதாக இருக்கிறது. பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து அழுத்தும் விசையைக் கூட்டிக்கொடுக்கின்றன. செங்குத்தாக நிற்பது, படுக்கைவாட்டில் இருப்பது என இதில் இரு வடிவங்கள் உண்டு. கீரை, கறிவேப்பிலை, அருகம்புல் அதிகம் பிழிகிறவர்களுக்குப் படுக்கைவாட்டு வடிவமும், பழங்களை அதிகம் பிழிகிறவர்களுக்குச் செங்குத்து வடிவமும் பொருந்தும்.

இந்த இடத்தில் கடைகளில் சொல்லப்படும் ஒரு வாதத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வேகச் சுழற்சி ஜூஸரின் சூட்டில் சத்தெல்லாம் செத்துவிடும், மெதுவான ஜூஸரில்தான் உயிரோடு வரும் என்பார்கள். ஓரிரு நிமிடம் ஓடுகிற வேக ஜூஸரில் சாறு சூடாவது மிகச் சிறிதளவே. டம்ளரைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெய்யான வேறுபாடு காற்றில் இருக்கிறது. வேகமாகச் சுழலும்போது சாற்றில் காற்று கலந்து நுரை கட்டுகிறது; நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் காற்றுப் பட்டுக் கறுப்பதைப் போல ஆப்பிள் சாறும் நிறம் மாறுகிறது; சிறிது நேரத்தில் நீர் கீழும் தெளியாத பகுதி மேலுமாகப் பிரிந்துவிடுகிறது. பிழிந்தவுடன் குடிக்கிற வீட்டுக்கு இது பெரிய குறையல்ல. காலையில் பிழிந்து பாட்டிலில் ஊற்றி அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறவருக்குத்தான் மெதுவான ஜூஸரின் பயன் தெரியும்.

விலையைப் பொறுத்தவரை, கைப்பிழிவான் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். மிக்ஸியும் வேகச் சுழற்சி ஜூஸரும் சேர்ந்த இயந்திரத்துக்குச் சில ஆயிரம் போதும். கோல்ட் பிரஸ் அதைப் போல இரண்டு மடங்கில் தொடங்கி, கொரிய இறக்குமதி என்றால் பல மடங்குக்குப் போகும். முதல் ஜூஸருக்கு அந்த உச்ச விலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எதைப் பிழியப் போகிறோம் என்பதே சரியாகத் தெரியாத நிலையில் அவ்வளவு பணத்தை முடக்குவது வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே புது கார் வாங்குவதைப் போன்றது.

மூன்றாம் படி: உங்கள் காய்கறிப் பையோடு இயந்திரத்தைப் பொருத்துங்கள்

பதினைந்து நாள் குறிப்பை இப்போது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேரட், பீட்ரூட், ஆப்பிள் ஆகிய கெட்டியானவையே அதிகம், காலையில் நேரமும் குறைவு என்றால் வேகச் சுழற்சி ஜூஸர் போதும். நெல்லிக்காய், இஞ்சி, கீரை, அருகம்புல் ஆகியவை வாரத்தில் மூன்று நாளாவது வருகின்றன என்றால் மெதுவான ஜூஸரை எடுங்கள். மாதுளையும் விதையுள்ள பன்னீர் திராட்சையும் பிடித்த வீடுகளுக்கும் மெதுவான ஜூஸரே நல்லது, ஏனெனில் மிக்ஸி பிளேடு விதையை உடைத்துத் துவர்ப்பைச் சாற்றில் இறக்கிவிடும். திருகுக் கட்டையோ விதையைப் பெரும்பாலும் நசுக்கி மட்டும் வெளியே அனுப்பிவிடும். சாத்துக்குடியை எந்த இயந்திரத்தில் போட்டாலும் தோலையும் அதனடியில் உள்ள வெள்ளைப் பஞ்சையும் விதையையும் எடுத்துவிட்டுப் போட வேண்டும். அவசரத்தில் விட்டால் பிழிந்தபோது இனித்த சாறு அரை மணி நேரத்தில் கசக்கத் தொடங்கும்.

வாழைத்தண்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பலர் ஜூஸர் வாங்குவதே அதற்காகத்தான். நான் மெதுவான ஜூஸர் வாங்கிய முதல் வாரத்தில் அரையடி வாழைத்தண்டை நீளவாக்கில் நான்காகக் கீறி அப்படியே உள்ளே இறக்கினேன். முதல் அரை நிமிடம் சாறு நன்றாகவே வந்தது; பிறகு கட்டையிலிருந்து கீச்சென்ற முனகல் எழுந்து, சாறு நின்று, சக்கை வரும் துளையில் ஒன்றும் வரவில்லை. நிறுத்தித் திறந்து பார்த்தால் தண்டின் நார் முழுவதும் திருகுக் கட்டையில் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றியதைப் போல இறுகச் சுற்றியிருந்தது. கத்தி முனையால் ஒவ்வோர் இழையாக எடுத்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. தவறு இயந்திரத்தினுடையது அல்ல. பொரியலுக்கு நறுக்கும்போது வில்லையாக வெட்டி, ஒவ்வொரு வில்லையின் நாரையும் விரலில் சுற்றி எடுத்துவிட்டு மோர் கலந்த நீரில் போடுகிறோமே, அதே பக்குவம்தான் ஜூஸருக்கும் வேண்டும். நாருள்ள எதையும், முருங்கைக்கீரைக் காம்பு உட்பட, அரை அங்குலத்துக்கு மேல் நீளமில்லாமல் நறுக்கிப் போடுங்கள். கரும்பை வீட்டு ஜூஸரில் போடவே கூடாது. மாங்கொட்டை, நெல்லிக்கொட்டை, ஐஸ் கட்டி ஆகியவையும் அப்படியே.

தேங்காய்ப்பால் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம். சில மெதுவான ஜூஸர்களில், வெதுவெதுப்பான நீரில் ஊறிய சிறு துண்டுகளாகப் போட்டு எடுக்க முடியும். சிலவற்றின் கையேடு தேங்காயைத் தெளிவாகத் தடை செய்கிறது. எழுத்தில் அனுமதி இல்லாவிட்டால் செய்யாதீர்கள், அந்தக் காரணத்தைக் காட்டியே வாரண்டியை மறுப்பார்கள்.

நான்காம் படி: கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும் ஒருமுறை கடைக்குப் போய் இயந்திரத்தைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. படத்தில் பார்த்து வாங்கியவர்கள் பலர் வீட்டுக்கு வந்த பின்புதான் செங்குத்து ஜூஸரின் உயரத்தை அறிகிறார்கள். ஒன்றரை அடி உயரத்துக்கு நிற்கும் ஒன்றைச் சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையில் நிறுத்த முடியாமல், ஒவ்வொரு நாளும் கீழிருந்து ஐந்தாறு கிலோவைத் தூக்கி வைக்க வேண்டியதாகிறது. கடைக்குப் போகும்முன் அந்த இடைவெளியைச் சாண் கணக்கில் இல்லாமல் அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கடையில் முதலில் செய்ய வேண்டியது, விற்பனையாளர் ஓட்டிக் காட்டுவதைப் பார்ப்பதல்ல. அவரிடம் சொல்லிவிட்டு நீங்களே இயந்திரத்தை முழுவதுமாகக் கழற்றி மீண்டும் மாட்டிப் பார்ப்பது. எத்தனை பாகங்கள், எத்தனை ரப்பர் வளையங்கள், அவற்றில் எது கழற்றும்போது கீழே விழுந்து உருண்டோடுகிறது என்று பாருங்கள். சல்லடையை உள்பக்கமும் வெளிப்பக்கமும் விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் நுழையாத மூலை எதுவோ, அங்கேதான் நாளைக்குச் சக்கை காய்ந்து கிடக்கும். மூடி சரியாகப் பூட்டாத நிலையில் மோட்டார் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடுமானால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். மெதுவான ஜூஸராக இருந்தால் கட்டையைப் பின்னோக்கிச் சுழற்றும் பொத்தான் கட்டாயம் வேண்டும், சிக்கிக்கொண்டதை விடுவிக்க அதுதான் வழி.

பழம் போடும் வாய் அகலமாக இருந்தால் முழு ஆப்பிளையே போடலாம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். நேரம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் நறுக்காமல் போடுகிற பழத்தின் நடுவில் அழுகலும் புழுவும் இருந்தால் தெரியாது. கொய்யாவை நறுக்காமல் பிழிகிற துணிச்சல் எனக்கு இல்லை.

தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பது பெட்டியிலோ அடிப்பாகத் தகட்டிலோ அச்சிட்டிருக்கும். சிலவற்றில் 2 நிமிடம், சிலவற்றில் 20 நிமிடம். ஆறு பேர் உள்ள வீட்டில் 2 நிமிட இயந்திரம் பாதிப் பேருக்கு மேல் தாங்காது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உணவு படும் பிளாஸ்டிக்கில் பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் இல்லை என்று குறிப்பிட்டிருப்பது நல்லது. உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், சல்லடையும் ரப்பர் வளையமும் மட்டும் தனியே விலைக்குக் கிடைக்குமா, என்ன விலை என்றும் கேட்டுவிடுங்கள். மோட்டாருக்கு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று வாரண்டி கொடுப்பார்கள். முதலில் கிழிவதும் விரிவதும் வாரண்டியில் வராத அந்த இரண்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாகச் சொன்னால் அடிப்பாகத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் விற்பவை 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியவை. நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் முதல் நாளே புகையும். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருபவற்றுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை, செருகியின் வடிவம் மட்டும் மாறும்.

ஐந்தாம் படி: வந்தவுடன் எடை போட்டுச் சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். 500 கிராம் கேரட்டைக் கழுவி, தலைப்பகுதியை வெட்டிவிட்டுப் பிழியுங்கள், சாற்றை மி.லி. கணக்கில் அளக்காமல் சமையல் தராசில் எடை போடுங்கள், நுரை ஏமாற்றிவிடும். கேரட்டின் எடையில் சுமார் 88 விழுக்காடு நீர்தான் என்றாலும் வீட்டு இயந்திரம் எதுவும் அதை முழுவதும் எடுத்துவிடாது. எங்கள் வீட்டுத் தராசில் மெதுவான ஜூஸர் 290 கிராமும் பழைய வேகச் சுழற்சி ஜூஸர் 220 கிராமும் கொடுத்தன. எடை போட்ட பின் சக்கையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் சாறு வழிந்தால் ஒன்று துண்டுகளை மிக வேகமாகத் தள்ளியிருக்கிறீர்கள், அல்லது சல்லடை சரியாக அமரவில்லை. மாற்றி அமைத்து இன்னொரு முறை பார்த்தும் அப்படியே வழிந்தால் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

குடிப்பவரைப் பற்றியும் சிறிது

ஜூஸர் வந்த உற்சாகத்தில் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் பழச்சாறு குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 200 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதைத் தடுத்து மெல்ல இறக்கும் நார் சக்கையோடு போய்விட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பழச்சாற்றின் இனிப்பையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் எதைப் பிழியலாம் என்பதை மருத்துவரிடம் கேட்ட பிறகே இயந்திரம் வாங்க வேண்டும்.

சுரைக்காய் விஷயத்தில் எச்சரிக்கை எல்லோருக்கும் பொது. பிழிவதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயை முழுவதுமாக எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவே இதை ஆராய்ந்து, கசந்த சாற்றைக் குடிக்கவும் கூடாது, சுரைக்காய்ச் சாற்றை வேறு சாற்றோடு கலக்கவும் கூடாது என்று அறிவுறுத்தியது. கலந்தால் கசப்பு மறைந்துவிடும் என்பதே ஆபத்து.

ஆறாம் படி: கழுவும் வேலை

பிழிந்து முடித்ததும் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெதுவான ஜூஸராக இருந்தால், ஒரு டம்ளர் நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் பாதிச் சக்கை தானே வந்துவிடும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கையும் எடுத்துவிட்டு, சல்லடையை உடனே குழாயடிக்குக் கொண்டுபோங்கள். உள்பக்கத்தைவிட வெளிப்பக்கத்திலிருந்து தூரிகையால் தேய்ப்பதே முறை. சக்கை உள்ளிருந்து வெளியே போகும் வழியில் கண்ணில் சிக்கியிருக்கிறது, அதை வந்த வழியே திருப்பித் தள்ள வேண்டும். பீட்ரூட் பிழிந்த சல்லடையை ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்திருக்கிறேன்: ஒவ்வொரு கண்ணிலும் செம்மண் பூசியதைப் போல ஒரு படலம் இறுகியிருந்தது, ஊறவைத்தும் பாதிதான் போயிற்று. அப்படி ஆகிவிட்டால் வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பாருங்கள்.

சக்கையை வீசிவிட வேண்டியதில்லை. கேரட் சக்கை அடை மாவிலும் சப்பாத்தி மாவிலும் நன்றாகச் சேரும், பீட்ரூட் சக்கையில் தேங்காயும் காய்ந்த மிளகாயும் வைத்துத் துவையல் அரைக்கலாம்; நெல்லிக்காய்ச் சக்கையை மட்டும் செடிக்குப் போட்டுவிடுங்கள், அதன் துவர்ப்பை யாரும் தின்பதில்லை.

ரப்பர் வளையங்களை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, தனியே உலர்த்துங்கள். ஈரத்தோடு மாட்டி வைத்தால் அதன் மடிப்பில் கறுப்புப் பூசணம் பிடிக்கும், நாள்கணக்கில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். சல்லடை காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எல்லாக் கண்களும் திறந்து வெளிச்சம் சீராக வந்தால் மாட்டி வைக்கலாம். ஓரிடத்தில் இருண்டிருந்தால் அதே இடத்தில் இன்னொரு முறை தூரிகை.